இதர செலவு

புந்தா அரேனாஸில் ஜூலை மாதம்
பத்து மணிக்குத்தான் விடியும்.
குழு ஒன்பதுக்கே கூடிவிட்டது,
ஹீட்டரின் முனகலில்,
பதினோரு கோப்புகளோடு.
நான் குறிப்பெடுக்கும் குமாஸ்தா.
எனக்கு வாக்கு கிடையாது; காபி உண்டு.

சிறந்த ஆசிரியருக்கான விருது.
நூறு மதிப்பெண்ணை ஐந்தாகப் பிரித்திருந்தார்கள்:
மாணவர் கருத்துக்கணிப்புக்கு முப்பது,
தேர்ச்சி விகிதத்துக்கு இருபத்தைந்து,
பிறகு கட்டுரைகள், கருத்தரங்குகள்,
கடைசியில் வழிகாட்டுதல் என்று ஒரு பத்து.
அதை எப்படி அளப்பது என்று
எவருக்கும் தெரியாததால்
எல்லோருக்கும் எட்டு போட்டார்கள்.

ஏழாவது கோப்பு எலியானா ஓயார்சூன்.
பாய்ம இயக்கவியல். தேர்ச்சி நாற்பத்தொரு சதவீதம்.
தலைவர் அந்த எண்ணைச் சத்தமாக வாசித்துவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கருத்துக்கணிப்பில் ஒருவன் எழுதியிருந்தான்:
"சிரிக்கவே மாட்டார்."
இன்னொருத்தி: "தெரியாததைத் தெரியாது என்பார்.
மறுநாள் தெரிந்துகொண்டு வருவார்."

கோப்பின் அடியில் ஒரு கடிதம்.
நண்டுப் படகின் பிடிப்புக் கணக்குத் தாள்,
அதன் பின்பக்கம், மீன்வாடையோடு.

"நான் ஹெரால்டோ மான்சீயா.
அவருடைய பாடத்தில் மூன்று முறை பெயில் ஆனவன்.
மூன்றாம் முறை அறைக்குக் கூப்பிட்டார்.
ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.
மூன்று விடைத்தாளையும் பக்கம் பக்கமாக வைத்து,
'படத்தைப் பார், மூன்றிலும் சரி.
தண்ணீரை நேரில் கண்டவன் போல வரைகிறாய்.
சமன்பாடு வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறாய்.
அந்த இடத்தில் என்ன பயம்?' என்றார்.
அதற்கு முன் யாரும் என் தவறை
அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

படிப்பை விட்டேன். வீட்டில் பணமில்லை, அது வேறு கதை.
போன மே மாதம், கால்வாய்களுக்குள், இரவு இரண்டு மணி,
இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது.
குளிர்நீர்க் குழாய் எங்கோ அடைத்திருந்தது.
காற்று எங்களைப் பாறைப் பக்கம் தள்ளியது.
உட்கார்ந்து படம் வரைந்தேன்.
பிறகு, கண்ணைத் திறந்துகொண்டே, கணக்கும் போட்டேன்.
இரண்டாம் வளைவில் அழுத்தம் விழுகிறது என்று வந்தது.
கழற்றினோம். பாசியும் கயிற்றுத் துண்டும்.
ஆறு பேர் கரை சேர்ந்தோம்.

அன்றைக்கு நான் தேறினேன் என்று நினைக்கிறேன்.
மதிப்பெண் போட அங்கே யாரும் இல்லை.
படத்தைக் கீழே மறுபடி வரைந்திருக்கிறேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு விதி நான்கு பேசியது:
பட்டம் பெற்றவரே பரிந்துரைக்கலாம்.
இடைநின்றவர் கடிதம் செல்லாது.
அதோடு, அவன் நின்றது
ஓயார்சூனின் கணக்கில் கழிவாகவும் ஏறியது.
நான் அப்படியே தட்டச்சு செய்தேன்.

விருது குசானோவிச்சுக்குப் போனது.
அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.
நன்றாகத்தான் நடத்துவார்;
பையன்களின் பெயரெல்லாம் தெரியும்.

அன்று மாலை, எந்த விதியையும் புரட்டிப் பார்க்காமல்,
கடிதத்தை நகலெடுத்து
ஓயார்சூனின் கதவுக்கடியில் தள்ளினேன்.

மறுநாள் வந்தார்.
காற்றுக்காகத் தெருவில் கட்டிய கயிற்றைப் பிடித்து நடந்த கை
சிவந்திருந்தது.
அழுவார் என்று நினைத்து
டிஷ்யூ பெட்டியை அருகில் நகர்த்தினேன்.
நகலை மேசைமேல் வைத்தார்.
படத்தில் ஒரு வால்வின் அம்புக்குறி
திசை மாறியிருந்ததாம்;
சிவப்புப் பென்சிலில் திருத்தியிருந்தார்.
ஓரத்தில், அவன் தாண்டிப்போன ஒரு படி.
அதன் கீழே வட்டத்துக்குள்: நான்கு புள்ளி ஆறு.
ஏழுக்கு.
நான்கு எடுத்தால் தேர்ச்சி.

"எந்தத் துறைமுகத்தில் இறங்குவான்?" என்று கேட்டார்.

விழாவின் செலவுக் கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது.
கண்ணாடிக் கேடயம் ஒன்று.
சாண்ட்விச் எண்பது.
பூ, சாந்தியாகோவிலிருந்து, விமானக் கட்டணத்தோடு.
இதர செலவு: தபால்தலை ஒன்று.

தணிக்கையில் இதுவரை யாரும் கேட்கவில்லை.